மூலையில் வைரஸ் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது, ஸ்கேன் செய்தால் ஒன்றும் இல்லை என்கிறது. என்ன செய்வது?

தூறல்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் விண்டோஸ் 10 ஓடும் மேசைக்கணினி ஒன்று இருக்கிறது. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், நான்கு பேரும் ஒரே அக்கவுண்டில்தான் உள்ளே போகிறோம். கொஞ்ச நாளாகத் திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன, உடனே நீக்கவும்" என்று ஒரு பெட்டி வந்துகொண்டே இருக்கிறது. மூடினால் பத்து நிமிடத்தில் திரும்பவும் வரும். அதில் பிரபலமான ஒரு ஆன்ட்டிவைரஸின் படம் வேறு இருக்கிறது, ஆனால் அதை நாங்கள் இந்தக் கணினியில் போட்டதே கிடையாது. குரோமில் எதையாவது தேடினால் கூகுளுக்குப் போகாமல் பெயரே கேள்விப்படாத ஏதோ ஒரு தேடுதளத்துக்குத் தாவிவிடுகிறது.

விண்டோஸோடு வரும் ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரில் ஃபுல் ஸ்கேன் ஓட விட்டேன், எதுவும் இல்லை என்றது. நம்பிக்கை வராமல் இரண்டு இலவச ஆன்ட்டிவைரஸ் இறக்கிப் போட்டேன், அப்புறம் கணினி ஆமை வேகத்துக்கு வந்துவிட்டது. பெரியவனைக் கேட்டால் பிடிஎஃப்பை வேர்டாக மாற்ற ஏதோ ஒன்றை இறக்கினேன் என்கிறான். இன்னும் கொஞ்சம் துருவிக் கேட்டதில் காசு கொடுக்காமல் விளையாட ஒரு கேமுக்குக் கிராக்கும் போட்டிருக்கிறான் என்று தெரிந்தது.

காசு கொடுத்து ஆன்ட்டிவைரஸ் வாங்கினால் இது போய்விடுமா, இல்லை ஃபார்மட்தான் வழியா? இதே கணினியில்தான் வங்கிக் கணக்கும் பார்க்கிறேன், பயமே அதனால்தான்.

கட்டெறும்பு:

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது வைரஸும் இல்லை, எந்த ஆன்ட்டிவைரஸும் காட்டுவதும் இல்லை. குரோமின் நோட்டிஃபிகேஷன் அது. ஏதோ ஒரு தளம் "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் பொத்தானை அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும், வீட்டில் யாரோ அழுத்தியிருப்பார்கள். அவ்வளவுதான். அன்று முதல் அந்தத் தளம் தான் நினைத்தபோதெல்லாம் உங்கள் திரையில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், எந்த நிறுவனத்தின் படத்தையும் ஒட்டலாம். கணினியில் ஃபைல் என்று எதுவும் இறங்கவில்லை, அதனால் ஸ்கேனில் மாட்டவும் மாட்டாது. பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் குரோம் என்றும் ஒரு தள முகவரியும் தெரியும், அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

நிறுத்துவது சுலபம். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். தெரியாத பெயர்களை எல்லாம் தூக்கிவிடுங்கள். அதே பக்கத்தின் மேலே, இனி எந்தத் தளமும் இந்த அனுமதியைக் கேட்கவே கூடாது என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். வீட்டில் யாரும் இதற்காக வருத்தப்படப் போவதில்லை.

தேடுதளம் மாறுவது வேறு விஷயம். பெரும்பாலும் ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது குரோமில் ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள், செய்யும் வேலை. எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து, யார் போட்டது என்று தெரியாததை எல்லாம் நீக்குங்கள். நீக்கும் பொத்தானே இல்லாமல் ஒன்று உட்கார்ந்திருந்தாலோ, குரோம் மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று வந்தாலோ, வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம் என்று யோசிக்க வேண்டும். அலுவலகக் கணினிகளைப் பூட்டிவைக்க என்று இருக்கும் பாலிசி வசதியை அந்த மென்பொருள் உங்கள் மேல் பயன்படுத்தியிருக்கிறது. சில நல்ல ஆன்ட்டிவைரஸ்கள் போட்டாலும் இந்த வரி வருவது உண்டு, அதனால் உடனே பதற வேண்டாம். கண்ட்ரோல் பேனலில் அந்த பிடிஎஃப் மாற்றியையும் அதே தேதியில் ஏறிய மற்றவற்றையும் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, குரோம் செட்டிங்ஸை ரீசெட் செய்து பாருங்கள். இலவச மாற்றிகளில் பலவற்றுக்கு வருமானமே உங்கள் தேடலைத் திருப்பிவிடுவதில்தான் இருக்கிறது.

இவற்றை எல்லாம் கெட்ட ஃபைல் என்று சொல்லாமல் 'வேண்டாத மென்பொருள்' என்று தனி வகையில் வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரௌசர் கன்ட்ரோல் என்ற பகுதியில், ரெபுடேஷன் பேஸ்டு புரொடெக்ஷனுக்குள் அதைத் தடுக்கும் சுவிட்ச் இருக்கிறது. உங்களிடம் அது ஆஃபில் இருக்கலாம்.

இரண்டு ஆன்ட்டிவைரஸையும் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஃபைலைத் திறக்கும்போதும் இரண்டும் தனித்தனியாக நுழைந்து பார்க்கும், வேகம் போகாமல் என்ன செய்யும்? வேறொன்று ஏறினால் டிஃபெண்டர் பொதுவாகத் தானே ஒதுங்கிக்கொள்ளும். அவற்றை எடுத்த பிறகு டிஃபெண்டர் திரும்ப ஆன் ஆகிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கீபோர்டு:

கட்டெறும்பு சொன்னது எல்லாம் சரி, ஆனால் அது கண்ணில் படுகிற தொல்லை மட்டும்தான். எனக்குக் கவலை அந்தக் கிராக்.

தூறல், கிராக்கை இறக்கிய பக்கத்தில் "ஆன்ட்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு ஓட்டவும்" என்று போட்டிருந்ததா, ஜிப் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு கொடுத்திருந்தார்களா என்று பையனிடம் கேளுங்கள். பாஸ்வேர்டு போட்ட ஜிப்புக்குள் ஸ்கேனரால் எட்டிப் பார்க்க முடியாது, அதற்காகவேதான் போடுகிறார்கள். கிராக் என்றால் ஆன்ட்டிவைரஸ் எப்படியும் கத்தத்தான் செய்யும் என்று பிள்ளைகளுக்குப் பழகிப்போய்விட்டது. உள்ளே நிஜமான திருடன் இருந்தாலும் அதே கத்தல்தான் வரும், அவர்களும் அதே மாதிரி ஒதுக்கிவிட்டுப் போவார்கள்.

இப்போது இந்த வழியில் அதிகம் வருவது இன்ஃபோஸ்டீலர் என்ற தகவல் திருடும் ரகம். ரெட்லைன், லும்மா என்று பெயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 2024 அக்டோபரில் ரெட்லைனின் சர்வர்களைப் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து முடக்கினார்கள், 2025 மே மாதம் லும்மாவின் கட்டமைப்பை மைக்ரோசாஃப்ட்டும் போலீஸும் சேர்ந்து முடக்கினார்கள், ஆனாலும் இந்தத் தொழில் நிற்கவில்லை. பழைய வைரஸ் போல இது கணினியைக் கெடுக்காது, மெதுவாக்காது, பல சமயம் தங்கக்கூடத் தங்காது. ஓட்டிய சில நிமிடங்களுக்குள் பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், குக்கீகள், தானாக நிரம்பும் விவரங்கள், டெஸ்க்டாப்பில் கிடக்கும் டெக்ஸ்ட் ஃபைல்கள் என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, சில வகைகள் தன்னையே அழித்துக்கொண்டும் போய்விடும். அதற்கு அப்புறம் நீங்கள் எந்த ஸ்கேனரை ஓட்டினாலும் சுத்தமாக இருக்கிறது என்றுதான் வரும், அதுவும் பொய் இல்லை. வீடு காலி, திருடனும் இல்லை, பொருளும் இல்லை.

குக்கீ போவதுதான் இதில் மோசமானது. ஒரு தளத்தில் ஒருமுறை லாகின் ஆனதும், இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர் என்று அடையாளம் காட்ட ஒரு டோக்கனை அந்தத் தளம் உங்கள் பிரௌசரிடம் கொடுத்துவைக்கும். அது வேறொருவன் கைக்குப் போனால் அவனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், நேராக உங்கள் மெயிலுக்குள் உட்கார்ந்துகொள்வான். குரோம் 2024இல் குக்கீகளுக்குக் கூடுதல் பூட்டு போட்டது, அதை உடைக்கவும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதனால் உங்களுக்கு வரிசை முக்கியம். கணினியைச் சுத்தம் செய்துவிட்டு நிதானமாகப் பாஸ்வேர்டு மாற்றலாம் என்று இருக்காதீர்கள், அந்தக் கணினியிலேயே மாற்றவும் செய்யாதீர்கள். இப்போதே போனை எடுங்கள். முதலில் மெயில். மெயில் கையில் இருந்தால்தான் மற்ற எல்லாவற்றையும் மீட்க முடியும். பாஸ்வேர்டை மாற்றுங்கள், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்று என்பதை அழுத்துங்கள், அப்போதுதான் திருடுபோன டோக்கன் செத்துப்போகும். மீட்பு எண், மீட்பு மெயில், ஃபார்வர்டிங் விதி ஆகியவற்றில் உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள், உள்ளே வந்தவன் முதலில் தொடுவது அதைத்தான். அடுத்தது வங்கி. அப்புறம் சமூக வலைத்தளங்கள், பையனின் கேம் கணக்கு. கேம் கணக்கை நாம் சில்லறை என்று நினைப்போம், அதை விற்பதற்கு என்றே சந்தை இருக்கிறது.

இதெல்லாம் முடிந்தபிறகு கணினிக்கு வாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், அதில் மேனேஜ் செட்டிங்ஸ், கீழே இறங்கினால் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒரு பட்டியல். டிஃபெண்டர் எந்த இடத்தை எல்லாம் பார்க்கக் கூடாது என்பதற்கான பட்டியல் அது. நீங்கள் எதையும் சேர்க்கவில்லை என்றால் காலியாக இருக்க வேண்டும். அங்கே ஏதாவது இருந்தால் உங்கள் ஃபுல் ஸ்கேன் ஃபுல் ஸ்கேனே இல்லை. இருப்பதை நீக்கிவிட்டு, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே தேடும், கால் மணி நேரம் போல ஆகும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் சரக்கு அங்கே மாட்டும்.

நூல்கண்டு:

காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. வீட்டுக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. விண்டோஸ் 8இலிருந்தே டிஃபெண்டர் முழு ஆன்ட்டிவைரஸாகக் கூடவே வருகிறது, இன்றைக்கு அது மட்டமான சரக்கும் இல்லை. காசு கொடுத்தால் கிடைக்கிற கூடுதல் பெரும்பாலும் விபிஎன், கிளீனர், பெற்றோர் கட்டுப்பாடு போன்ற ஒட்டுக்கள்தான். பையன் "ஆஃப் செய்துவிட்டு ஓட்டு" என்றதை ஓட்டினால் எவ்வளவு கொடுத்து வாங்கியதும் அங்கே கைகட்டித்தான் நிற்கும்.

இலவசமாகக் கிடைப்பதில் வேறு ஒரு கோணம் இருக்கிறது. அவாஸ்ட் நிறுவனம் பயனர்கள் எந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது தெரியவந்து, 2020 ஜனவரியில் அந்தத் துணை நிறுவனத்தை மூடினார்கள். 2024இல் அமெரிக்காவின் எஃப்டிசி என்ற வர்த்தக ஆணையம் அதற்காக 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. ஸ்பைவேரைத் தடுக்கப் போட்டதே வேவு பார்த்த கதை. அதனால் இலவசம் என்றாலே ஏற்றிக்கொள்ளும் பழக்கம் ஆன்ட்டிவைரஸ் விஷயத்திலும் வேண்டாம்.

உங்களுக்கு இருக்கும் நிஜப் பிரச்சினை இரண்டு. ஒன்று, விண்டோஸ் 10. அதற்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு ஒரு வருட நீட்டிப்பு என்று 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கொடுக்கும் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள், ஆனால் அதில் நீங்களாகப் போய்ச் சேர்ந்தால்தான் உண்டு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பாருங்கள். கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஏற்கத்தக்க ப்ராசசரும் இருந்தால் பேசாமல் 11க்கே போய்விடலாம். அப்டேட்டைச் சோம்பேறித்தனமாக நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னக்ரையைத்தான். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது, தாக்குதல் வந்தது மே 12. இடையில் இரண்டு மாதம். போடாமல் விட்டிருந்த கணினிகளில்தான் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது பூந்து விளையாடியது. அதற்கு யாரும் எதையும் கிளிக் செய்யக்கூட வேண்டியிருக்கவில்லை, நெட்வொர்க் வழியாகத் தானே பரவியது.

இரண்டாவது, நான்கு பேருக்கும் ஒரே அக்கவுண்ட், அதுவும் கண்டிப்பாக எதையும் மாற்றும் உரிமையுள்ள அட்மினாகத்தான் இருக்கும். அட்மின் ஒன்றைத் தனியாக வைத்துப் பாஸ்வேர்டை நீங்களும் மனைவியும் மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், தினசரிப் புழக்கத்துக்கு நீங்கள் உட்பட எல்லோருக்கும் ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட். டிஃபெண்டரை ஆஃப் செய்யவோ எக்ஸ்க்ளூஷன் சேர்க்கவோ முயன்றால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும், அங்கேயே பாதி விஷயம் நின்றுவிடும். பழைய கீபோர்டு சொன்ன ஸ்டீலரை இது முழுதாக நிறுத்தாது, ஏனென்றால் உங்கள் பிரௌசர் ஃபைல்களைப் படிக்க அதற்கு அட்மின் உரிமை தேவையில்லை. ஆனால் பையனின் அக்கவுண்டில் ஓடியது பையனின் பிரௌசரோடு நிற்கும், உங்கள் வங்கிக் குக்கீ உங்கள் அக்கவுண்டில் தனியாக இருக்கும். ஒரே கணினியில் நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை, காசும் கிடையாது.

பென்குயின்:

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுவிடுங்கள், பிரச்சினை முடிந்தது.

கட்டெறும்பு:

வந்துவிட்டார். பையன் விளையாட வேண்டும் ஐயா, அவர் வீட்டில் அதற்குத் தனிப் பஞ்சாயத்து நடக்கும். அப்புறம் நோட்டிஃபிகேஷன் தொல்லை லினக்ஸிலும் இதே குரோமில் இதே மாதிரி வரும்.

தூறல்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நோட்டிஃபிகேஷன் பட்டியலில் முன்பின் தெரியாத தளங்கள் ஏகப்பட்டவை இருந்தன, எல்லாவற்றையும் நீக்கியதும் பெட்டி வருவது நின்றுவிட்டது. எக்ஸ்டென்ஷன் ஒன்றையும் தூக்கினேன், கூகுள் திரும்பிவிட்டது.

ஆனால் பழைய கீபோர்டு சொன்ன எக்ஸ்க்ளூஷன் பட்டியலைத் திறந்தால் அதில் சி டிரைவ் முழுவதும் இருக்கிறது! நான் சத்தியமாகச் சேர்க்கவில்லை, பையனுக்கு அந்தப் பக்கம் இருப்பதே தெரியாது. போனில் மெயில், வங்கி இரண்டும் மாற்றிவிட்டேன். கணினியின் நெட் கேபிளைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். இனி ஃபார்மட்தானே? குடும்பப் போட்டோக்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன, அவற்றை வெளியே எடுத்தால் வைரஸும் கூடவே வந்துவிடாதா?

பழைய கீபோர்டு:

சி டிரைவே பட்டியலில் இருந்தால் இனி ஸ்கேன் என்ன சொன்னாலும் நான் நம்பமாட்டேன். அதைச் சேர்க்க அட்மின் உரிமை வேண்டும், அந்த உரிமையோடு ஒன்று ஓடியிருக்கிறது என்றால் வேறு என்ன செய்து வைத்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பதைவிடத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது நேரம் மிச்சம். கேபிளைப் பிடுங்கியது நல்ல காரியம்.

போட்டோ, வீடியோ, பாட்டு போன்றவை பொதுவாகப் பயமில்லை. படம் போல வேஷம் போட்ட ப்ரோகிராம்தான் ஆபத்து. அதைக் கண்டுபிடிக்க ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். ஃபைல் பெயரின் வால் பகுதியை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும், அதனால் 'கல்யாணம் டாட் ஜேபிஜி டாட் இஎக்ஸ்இ' என்ற ஃபைல் உங்களுக்கு வெறும் ஜேபிஜி என்றுதான் தெரியும். பழைய தந்திரம். 2000 மே மாதம் உலகையே ஆட்டிய ஐ லவ் யூ வைரஸும் காதல் கடிதம் என்ற டெக்ஸ்ட் ஃபைல் போல வந்து, மறைந்திருந்த விபிஎஸ் என்ற ஸ்கிரிப்ட் வாலோடுதான் ஓடியது. எனவே படம், வீடியோ, ஆவணம் என்று தேவையானதை மட்டும் பொறுக்கி ஒரு வெளி டிஸ்கில் எடுங்கள். இஎக்ஸ்இ, எம்எஸ்ஐ, ஸ்கிரிப்ட், ஷார்ட்கட், ஜிப் எதையும் எடுக்காதீர்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை அப்படியே விட்டுவிடுங்கள், அங்கே இருப்பதில் முக்கால்வாசி திரும்ப இறக்கக்கூடியதுதான். வேர்டு, எக்செல் ஃபைல்களை எடுக்கலாம், திறக்கும்போது மேக்ரோவை (ஃபைலுக்குள் இருக்கும் கட்டளைகளை) இயக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

புதிதாகப் போட்டபிறகு அந்த டிஸ்கைச் செருகி, எதையும் திறக்காமல் முதலில் அதன் மேல் வலது கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். அதன்பின் அந்த டிஸ்கை எப்போதும் செருகியே வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை செருகி பேக்கப் எடுத்துவிட்டுக் கழற்றி வையுங்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் எட்டுகிற டிஸ்கை எல்லாம் சேர்த்தே பூட்டிவிடும், கழற்றி வைத்த டிஸ்கை அதனால் தொட முடியாது.

நூல்கண்டு:

ஃபார்மட் செய்யும் விதத்தில் ஒரு சின்ன விஷயம். 'ரீசெட் திஸ் பிசி'யில் ஃபைல்களை வைத்துக்கொள் என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், எல்லாவற்றையும் நீக்கு என்பதுதான் வேண்டும். அதைவிட நல்லது, நம்பிக்கையான வேறு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே மீடியா கிரியேஷன் டூலை இறக்கி ஒரு யுஎஸ்பி தயாரித்து, அதிலிருந்து பூட் செய்து, டிஸ்கில் இருக்கிற பார்ட்டிஷன்களை (பகுதிகளை) அழித்துவிட்டுப் போடுவது. வெளி டிஸ்கைக் கழற்றிவிட்டு அழியுங்கள், தவறிப்போய் அதை அழித்துவிட்டு இங்கே வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் லைசன்ஸ் அந்த மதர்போர்டோடு ஏற்கெனவே டிஜிட்டலாகப் பதிவாகியிருந்தால் கீ எதுவும் கேட்காது, நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும்.

இன்னொன்று, பையனுக்குச் சொல்ல வேண்டியது. கிராக்கை நிறுத்திவிட்டாலும் 2024 முதல் ஒரு புது வழி பரவலாக ஓடுகிறது. ஒரு தளத்தைத் திறந்தால் "நீங்கள் மனிதர்தானா" என்று பெட்டி வரும், அதற்கு விண்டோஸ் கீயையும் ஆர் (R) கீயையும் சேர்த்து அழுத்து, அடுத்து கண்ட்ரோல் வி, அடுத்து என்டர் என்று மூன்று படி கொடுப்பார்கள். நீங்கள் பொத்தானைத் தொட்டபோதே ஒரு கட்டளை கிளிப்போர்டில் ஏறியிருக்கும், அதை நம் கையாலேயே ரன் பெட்டியில் ஒட்டி ஓட்ட வைக்கிறார்கள். கிளிக்ஃபிக்ஸ் என்று பெயர். ஃபைல் எதையும் இறக்கவில்லையே என்று பிள்ளைகள் தைரியமாகச் செய்துவிடுவார்கள். மனிதரா என்று சோதிக்கும் உண்மையான கேப்ட்சா எதுவும் கீபோர்டில் விண்டோஸ் கீயை அழுத்தச் சொல்லாது.

தூறல்:

யுஎஸ்பி என் தம்பி வீட்டுக் கணினியில் தயார் செய்துகொண்டிருக்கிறேன். அந்தக் கிளிக்ஃபிக்ஸ் விஷயத்தைப் பையனிடம் படித்துக் காட்டினேன், "இது மாதிரி ஒன்று போன வாரம் வந்ததே" என்கிறான்.

பழைய கீபோர்டு:

என்டர் வரைக்கும் போனானா என்று மட்டும் கேளுங்கள். போயிருந்தால் அவன் கேம் கணக்குப் பாஸ்வேர்டையும் இன்றைக்கே போனிலிருந்து மாற்றிவிட்டு, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றிவிடுங்கள்.